சொல் புரிந்தது, செய்தி புரியவில்லை

அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ படைவீரர்களின் கதையைப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் ஒரு பூர்வகுடி மொழியை வயர்லெஸ்ஸில் பேசவிட்டது, ஜப்பானியர்களுக்கு அந்த மொழி தெரியாது, ரகசியம் தப்பித்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பாதிக் கதை. விட்டுப்போகிற மறுபாதியில்தான் அந்த இளைஞர்களின் மூளையும் உழைப்பும் இருக்கின்றன. அதை விட்டுவிட்டால், அவர்கள் ஏதோ வீட்டில் பேசுவதைப் போர்க்களத்திலும் பேசினார்கள் என்று ஆகிவிடும். அப்படி நடக்கவில்லை.

இதற்கு நல்ல சாட்சி ஜோ கியூமியா. அவரும் நவஹோதான், ஆனால் சங்கேதப் பிரிவில் இருந்தவர் அல்ல. நியூ மெக்சிகோவைச் சேர்ந்த பீரங்கிப் படையில் பிலிப்பைன்ஸில் இருந்தவர். 1942 ஏப்ரலில் பட்டான் தீபகற்பம் வீழ்ந்தபோது ஜப்பானியர்களிடம் பிடிபட்டார். கைதிகளைப் பல நாள் நடத்திக்கொண்டு போன அந்தக் கொடூரமான 'மரண நடை'யில் உயிர் பிழைத்தார், பிறகு ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டார். முகத்தைப் பார்த்து, இவர் அமெரிக்காவுக்காகச் சண்டையிட்ட ஜப்பானியர் என்று நினைத்து முதலில் அடித்தார்கள். நவஹோ என்று தெரிந்ததும் வேறு விதமான சித்திரவதை தொடங்கியது. வயர்லெஸ்ஸில் இடைமறித்த செய்திகளைக் கேட்கவைத்து, என்ன பேசுகிறார்கள் சொல் என்றார்கள். கியூமியாவுக்குச் சொற்கள் புரிந்தன. தாய்மொழி ஆயிற்றே. ஆனால் அவர் காதில் விழுந்ததெல்லாம் ஆமை, உருளைக்கிழங்கு, எறும்பு, கரடி என்று கோர்வையில்லாத சொற்கள். அர்த்தம் தெரியாது என்று அவர் சொன்னது முழு உண்மை. அவர்கள் நம்பவில்லை. உறைபனியில் ஆடையில்லாமல் நிற்கவைத்தார்கள், பாதம் தரையோடு ஒட்டி உரிந்தது. அப்படியும் அவரால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவருக்குத் தெரியாது.

மொழி மட்டுமே பூட்டாக இருந்திருந்தால், அன்றைக்கே அது திறந்திருக்கும்.

சரி, அந்த இரண்டாவது பூட்டைச் செய்தது யார்? இந்த யோசனையை, கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் அமெரிக்காவின் மரைன் படையிடம் கொண்டுபோனவர் பிலிப் ஜான்ஸ்டன். மதபோதகர் ஒருவரின் மகன். நவஹோ நிலத்தில் நவஹோ பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர், பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் பொறியாளராக இருந்தார். 1942 பிப்ரவரி 28 அன்று சான் டியாகோ பக்கத்தில் எலியட் முகாமில், நவஹோ பேசும் சிலரை வைத்து அதிகாரிகளுக்குச் செய்துகாட்டினார். ஆங்கிலத்தில் கொடுத்த செய்தி ஒரு முனையில் நவஹோவாகி, மறுமுனையில் திரும்ப ஆங்கிலமாக வந்தது. ஜெனரல் கிளேட்டன் வோகல் 200 பேரைச் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தார். மேலிடம், முதலில் 30 பேரை வைத்துப் பார்ப்போம் என்றது. பயிற்சிக்கு வந்து சேர்ந்தவர்கள் 29 பேர்.

யோசனையே புதிது என்று சொல்ல முடியாது. முதல் உலகப்போரில், 1918 அக்டோபரில், பிரான்சில் ஜெர்மானியர்கள் தொலைபேசிக் கம்பிகளில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தபோது, சோக்டோ இனத்து வீரர்களைப் பேசவைத்துத் தப்பித்திருக்கிறது அமெரிக்கப் படை. மெஷின்கன்னுக்கு அவர்கள் மொழியில் சொல் கிடையாது, 'வேகமாகச் சுடும் சின்னத் துப்பாக்கி' என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் போரில் ஐரோப்பாவில் கமாஞ்சி வீரர்கள் இதே வேலையைச் செய்தார்கள். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் யூட்டா கடற்கரையில் இறங்கியவர்களில் அவர்களும் உண்டு. நவஹோக்காரர்களின் வேறுபாடு, அவர்கள் போனது ஒரு முழுமையான முறையோடு. அந்த முறையைக் கட்டியது ஜான்ஸ்டன் அல்ல. அந்த 29 பேர்.

அதற்கு முன், நவஹோ மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைப் பேசுபவர்கள் தங்களைத் 'தினே' என்கிறார்கள், மக்கள் என்று பொருள். மொழி 'தினே பிஸாத்'. அதில் குரலின் ஏற்ற இறக்கம் பொருளையே மாற்றும். 'அஸே' என்று தாழ்த்திச் சொன்னால் மருந்து, அதையே உயர்த்திச் சொன்னால் வாய். மூக்கொலி உயிர்கள் உண்டு, தொண்டையில் சட்டென்று நிறுத்தும் ஒலி உண்டு. இவற்றை விட வினைச்சொல்தான் வியப்பு. நாம் பந்தானாலும் கயிறானாலும் தாளானாலும் 'கொடு' என்று ஒரே வினையால் கேட்டுவிடுவோம். நவஹோவில் உருண்டையான பொருளுக்கு ஒரு வினையடி, நீளமாக வளையும் பொருளுக்கு வேறொன்று, தட்டையாக மடங்கும் பொருளுக்கு இன்னொன்று. கையில் இருப்பது என்ன வடிவம் என்பது வினையிலேயே தெரிந்துவிடும். வளர்ந்த பிறகு வெளியாள் உட்கார்ந்து கற்பது கடினம்.

கடினம்தான், ஆனால் முடியாதது இல்லை. எழுத்தே இல்லாத, யாரும் நெருங்க முடியாத மொழி என்று சிலர் எழுதுவது மிகை. பிரான்சிஸ்கன் பாதிரியார்கள் 1910லேயே நவஹோ அகராதி அச்சிட்டிருந்தார்கள். ஆக, மொழியின் கடினத்தை மட்டும் நம்பி உயிர்களைப் பணயம் வைக்க முடியாது. நவஹோ பேசும் ஒருவன் எதிரி கையில் சிக்கினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். கியூமியா சிக்கியே இருந்தார்.

29 பேரும் சான் டியாகோவில் அடிப்படைப் பயிற்சியை முடித்ததும், ஒரு முகாமில் உட்காரவைத்து, உங்கள் மொழியில் ஒரு சங்கேதம் செய்யுங்கள் என்றார்கள். பெரும்பாலானவர்கள் இருபது வயதை ஒட்டியவர்கள். சிலர் வயதைக் கூட்டியும் குறைத்தும் சொல்லிச் சேர்ந்தவர்கள். பிறப்புச் சான்றிதழ் இருந்தால்தானே சரிபார்க்க? அவர்கள் செய்தது இரண்டு அடுக்கு.

முதல் அடுக்கில், ராணுவத்தில் அடிக்கடி வரும் சொற்களுக்கு நேரடியாக ஒரு நவஹோச் சொல். செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானம் 'கினி', அதாவது வல்லூறு. பாய்ச்சல் அப்படியே ஒன்றுதான். சண்டை விமானம் 'தா-ஹே-தி-ஹி', ரீங்காரச்சிட்டு. குண்டுவீச்சு விமானம் 'ஜே-ஷோ', பிணந்தின்னிக் கழுகு. அது போடும் குண்டுகள் 'அ-யே-ஷி', முட்டைகள். கையெறி குண்டு 'நி-மா-ஸி', உருளைக்கிழங்கு. டாங்கி 'சே-தா-கஹி', ஆமை. அமெரிக்காவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'நே-ஹே-மா', நம் தாய்.

கப்பல்களைப் பாருங்கள். தண்ணீரே அரிதான பீடபூமியில் ஆடு மேய்த்து வளர்ந்தவர்கள் ஒரு கடற்படைக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. மீனுக்கு நவஹோவில் 'லோ'. போர்க்கப்பல் 'லோ-ட்ஸோ', பெரிய மீன், அதாவது திமிங்கலம். அதற்கு அடுத்த அளவிலுள்ள குரூசர் 'லோ-ட்ஸோ-யாஸி', சின்னத் திமிங்கலம். டெஸ்ட்ராயர் 'கா-லோ', சுறா. நீர்மூழ்கி 'பேஷ்-லோ', இரும்பு மீன். ஒரு 'லோ'வை வைத்துக்கொண்டு ஒரு கடற்படையையே வரிசைப்படுத்திவிட்டார்கள். இந்தப் பட்டியலை முதல்முறை படித்தபோது நான் வெகுநேரம் இந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். பெயர் வைப்பதற்கு முன் அந்தப் பொருளை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள்!

நாடுகளுக்கும் பெயர் வைத்தார்கள். பிரிட்டன் 'நீருக்கு நடுவே'. ஜெர்மனி 'இரும்புத் தொப்பி'. ரஷ்யா 'சிவப்புப் படை'. இந்தியா 'அ-லே-கை', வெள்ளை உடை. அந்த இளைஞர்களின் மனத்தில் இந்தியா என்றதும் வந்தது வெள்ளை ஆடை என்பது இந்தியர்களான நமக்கு ஒரு நிமிடம் நெஞ்சில் தங்குகிற செய்தி. ஸ்பெயினுக்கு அவர்கள் வைத்தது 'ஆட்டு வலி'. ஆட்டுக்கு ஆங்கிலத்தில் ஷீப், அதன் முதல் எழுத்து எஸ். வலிக்கு ஆங்கிலத்தில் பெயின். எஸ், பெயின், ஸ்பெயின். உட்கார்ந்து சிரித்துக்கொண்டே செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தப் பட்டியலில் முதலில் இருந்தவை 211 சொற்கள். போர் முடியும்போது 411. ஆனால் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ வந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் இரண்டாவது அடுக்கு, எழுத்துக்கூட்டல். அதை ஒரே ஒரு பெயரை வைத்துப் பார்த்துவிடலாம்.

ஜப்பானின் இவோ ஜிமா தீவின் தென்முனையில் உள்ள எரிமலை சுரிபாச்சி. 1945 பிப்ரவரி 23 அன்று மரைன்கள் அதன் உச்சியில் கொடியேற்றினார்கள். அந்தப் பெயர் நவஹோ சங்கேதத்தில் இப்படிப் போனது: செம்மறியாடு, மாமா, ஆட்டுக்கடா, பனிக்கட்டி, கரடி, எறும்பு, பூனை, குதிரை, அரிப்பு. கேட்பவர் ஒவ்வொரு நவஹோச் சொல்லையும் மனத்துக்குள் ஆங்கிலமாக்க வேண்டும். 'திபே' என்றால் செம்மறி, ஆங்கிலத்தில் ஷீப், முதல் எழுத்து எஸ். 'ஷி-தா' என்றால் மாமா, அங்கிள், யு. 'ஷுஷ்' என்றால் கரடி, பேர், பி. 'வோ-லா-சி' என்றால் எறும்பு, ஆன்ட், ஏ. 'மோஸி' என்றால் பூனை, கேட், சி. ஒன்பது சொல்லையும் முடித்தால் ஒன்பது எழுத்து, ஒரு மலையின் பெயர்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் சுரிபாச்சி என்று எழுதினால் 'ஐ' என்ற எழுத்து இரண்டு முறை வரும். ஒரு முறை பனிக்கட்டி, 'ஐஸ்'. அடுத்த முறை அரிப்பு, 'இட்ச்'. வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார்கள். எந்தச் சங்கேதத்தையும் உடைக்க வருபவன் முதலில் பார்ப்பது, எது அடிக்கடி திரும்ப வருகிறது என்பதைத்தான். ஆங்கிலத்தில் இ, டி, ஏ போன்ற எழுத்துகள் ஓயாமல் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சொல் இருந்தால், அந்தச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அதிகம் புழங்கும் எழுத்துகளுக்கு இரண்டு மூன்று மாற்றுச் சொற்கள் சேர்த்தார்கள். 'ஏ'வுக்கு எறும்பு உண்டு, ஆப்பிள் உண்டு, கோடரி உண்டு. அனுப்புபவர் கைக்கு வந்ததைப் போடுவார்.

ஆக, இதை உடைக்க நவஹோ தெரிய வேண்டும், ஆங்கிலம் தெரிய வேண்டும், முதல் எழுத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று தெரிய வேண்டும், அதற்கு மேல் எந்தச் சொல் எழுத்து, எந்தச் சொல் ஆயுதம் என்றும் தெரிய வேண்டும். கியூமியாவுக்கு முதல் இரண்டு தெரியும். கடைசி இரண்டு தெரியாது. அவை அந்தப் பயிற்சி அறையை விட்டு வெளியே போகவே இல்லை. புத்தகம் எதையும் களத்துக்கு எடுத்துப் போகக் கூடாது. முழுவதும் மனப்பாடம்.

மனப்பாடம் என்பதற்கு இந்தக் காலத்தில் கொஞ்சம் மரியாதை குறைவு. ஆனால் அவர்கள் வளர்ந்த வீடுகளில் பல நாள் நீளும் சடங்குப் பாடல்களை ஒரு சொல் பிசகாமல் நினைவில் வைத்திருந்த பெரியவர்கள் இருந்தார்கள். சொல் மாறினால் சடங்கு பலிக்காது என்ற நம்பிக்கை. கேட்டதைக் கேட்டபடி வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

இரண்டு பேர் அமெரிக்காவிலேயே பயிற்சியாளர்களாகத் தங்கினார்கள், ஜான் பெனாலி, ஜானி மனுவெலிட்டோ. மற்றவர்கள் போர்முனைக்குப் போனார்கள். முதல் களம் பசிபிக் தீவான குவாடல்கனால், 1942இன் பிற்பகுதி. அங்கிருந்த அதிகாரிகளுக்கு முதலில் நம்பிக்கை இல்லை. அன்றைய சங்கேதக் கருவிகளில் ஒரு சின்னச் செய்தியைப் பூட்டி, அனுப்பி, திறக்க அரைமணி நேரம்கூட ஆகும். இவர்கள் மூன்று வரிச் செய்தியை 20 விநாடியில் முடித்தார்கள். எதிரி பீரங்கியின் இடத்தைச் சொல்லும் செய்திக்கு அரைமணி நேரத் தாமதம் என்றால் என்ன அர்த்தம் என்று படையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் கையால் சுற்றி மின்சாரம் உண்டாக்குவார், மற்றவர் பேசுவார். பேசி முடித்ததும் இடத்தை மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அலைவரிசையைத் தேடிப்பிடித்துக் குண்டு வரும். சொந்தப் படை ஆட்களே இவர்கள் முகத்தைப் பார்த்து ஜப்பானியர் என்று துப்பாக்கி நீட்டிய சம்பவங்களும் உண்டு.

பிறகு சைபான், பெலலியு, இவோ ஜிமா, ஓக்கினாவா. இவோ ஜிமாவில் முதல் இரண்டு நாள்களில் மட்டும் ஆறு பேர் ராப்பகலாக உட்கார்ந்து 800க்கும் மேற்பட்ட செய்திகளை ஒரு பிழையில்லாமல் கையாண்டார்கள். நவஹோக்காரர்கள் இல்லையென்றால் மரைன்கள் இவோ ஜிமாவைப் பிடித்திருக்கவே முடியாது என்று சொன்னவர் மேஜர் ஹோவர்ட் கானர், அங்கே ஐந்தாம் டிவிஷனின் தகவல்தொடர்பு அதிகாரி. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படைச் சங்கேதங்களை உடைத்த ஜப்பானிய உளவுத்துறை, மரைன்கள் பயன்படுத்தியதை உடைக்கவில்லை என்று அதன் தலைவர் செய்ஸோ அரிஸுவே போருக்குப் பிறகு ஒப்புக்கொண்டார். போர் முடியும்போது நவஹோச் சங்கேதப் பேச்சாளர்கள் ஏறக்குறைய 400 பேர்.

இனி, எனக்கு ஆறாத ஒரு விஷயம். இந்த மொழியை இவர்கள் வாயிலிருந்து பிடுங்க அதே அரசு எழுபது வருடங்களுக்கு மேல் முயன்றிருந்தது.

1864இல் அமெரிக்க ராணுவம் நவஹோக்களின் வயல்களையும் பழமரங்களையும் எரித்து, 8,000க்கும் மேற்பட்ட மக்களை நியூ மெக்சிகோவின் கிழக்கே போஸ்க் ரெடோண்டோ என்ற இடத்துக்கு 300 மைலுக்கு மேல் நடத்திக்கொண்டு போனது. நான்கு வருடம் அடைத்துவைத்தது. பசியிலும் நோயிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1868 ஒப்பந்தத்தில் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. அதே ஒப்பந்தத்தில், 6 முதல் 16 வயதுப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்பி ஆங்கிலக் கல்வி தர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அந்தக் கல்வி போகப்போக விடுதிப் பள்ளி ஆனது. தலைமுடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், நவஹோவில் ஒரு சொல் வந்தால் தண்டனை.

முதல் 29 பேரில் ஒருவரான செஸ்டர் நெஸ், நவஹோ பேசியதற்காகத் துணி துவைக்கும் சோப்பால் பல் தேய்க்கவைக்கப்பட்டார். இன்னொருவர் கார்ல் கோர்மன், பின்னாளில் நல்ல ஓவியராக அறியப்பட்டவர். சிறுவனாக இருந்தபோது தாய்மொழியை விட மறுத்ததற்காக இரும்புக் குழாயோடு சங்கிலியால் கட்டிவைத்தார்கள். அப்புறம் 1930களில் மேய்ச்சல் நிலம் தேய்கிறது என்று சொல்லி அரசே அவர்களுடைய ஆடுகளை லட்சக்கணக்கில் குறைத்தது. பல இடங்களில் சுட்டுக் குவித்தார்கள். ஒரு நவஹோக் குடும்பத்துக்கு ஆடு சொத்து மட்டும் இல்லை, பிள்ளைகளைப் போல. அந்தக் காட்சியைப் பார்த்த பையன்கள்தான் சில வருடங்களில் படையில் சேர்ந்து, 'எஸ்' எழுத்துக்கு 'திபே', செம்மறியாடு என்று வைத்தார்கள்.

பள்ளியில் கற்ற ஆங்கிலமும் சங்கேதத்துக்கு உதவியதே என்று சிலர் வாதிடுவதுண்டு. இரண்டு மொழியும் தெரிந்தவர்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஆங்கிலம் பேசுபவர்களுக்கு அமெரிக்காவில் அன்று என்ன பஞ்சம்? கிடைக்காமல் இருந்தது மற்ற மொழி. அது பிழைத்ததற்கு அந்தப் பள்ளிகள் காரணமில்லை. விடுமுறைக்கு வீடு திரும்பிய பிள்ளையிடம் பாட்டியும் அம்மாவும் நவஹோவில் பேசியதுதான் காரணம்.

போர் முடிந்து வீரர்கள் திரும்பியபோது, செய்த வேலையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. சங்கேதம் மீண்டும் தேவைப்படலாம் என்பது காரணம். மற்ற வீரர்கள் கதை சொல்லிக் கொண்டாடப்பட்டபோது, இவர்கள் மனைவி மக்களிடம்கூடச் சொல்லாமல் இருந்தார்கள். கனவில் இறந்த எதிரிகள் வந்தார்கள். செஸ்டர் நெஸ்ஸுக்கு உறவினர்கள் கூடி 'எதிரி வழி' என்ற சடங்கை நடத்தினார்கள், போரில் ஒட்டிக்கொண்ட சாவுகளைக் கழுவி அனுப்புவதற்கான சடங்கு. ராணுவம் செய்யாத சிகிச்சையை அந்தப் பாடல்கள் செய்தன. ஓட்டுரிமைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லாப் பூர்வகுடிகளுக்கும் குடியுரிமை 1924இலேயே வந்துவிட்டாலும், அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் பூர்வகுடிகள் வாக்களிக்க 1948இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. யூட்டா மாநிலத்தில் 1957 வரை.

ரகசியம் 1968இல் விலக்கப்பட்டது. 1982இல் ரொனால்ட் ரீகன் ஆகஸ்ட் 14ஐ அவர்களுக்கான நாளாக அறிவித்தார். 2001 ஜூலையில் முதல் 29 பேருக்கும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் தரப்பட்டபோது அவர்களில் உயிரோடு இருந்தவர்கள் ஐந்து பேர். நேரில் வந்து வாங்க முடிந்தது நான்கு பேரால். பதக்கத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி நவஹோவிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. தினே மொழியைக் கொண்டு எதிரியை வென்றார்கள் என்பது அதன் பொருள். அந்த 29 பேரில் கடைசியாக இருந்த செஸ்டர் நெஸ் 2014 ஜூன் 4 அன்று 93 வயதில் இறந்தார்.

2025 மார்ச்சில், பன்முகத்தன்மை பற்றிய பக்கங்களை நீக்குகிறோம் என்று அமெரிக்க ராணுவ இணையதளங்களில் நடந்த களையெடுப்பில் இந்த வீரர்களைப் பற்றிய கட்டுரைகளும் காணாமல் போயின. நவஹோ மக்கள் கொதித்தார்கள், செய்தி பரவியது, சில நாள்களில் பக்கங்கள் திரும்பி வந்தன. நவஹோ பேசுபவர்கள் 2010 வாக்கில் ஏறக்குறைய 1.7 லட்சம். அமெரிக்கப் பூர்வகுடி மொழிகளில் அதுவே மிகப் பெரிய எண்ணிக்கை. ஆனால் சின்னப் பிள்ளைகள் வீட்டில் அதிகம் பேசுவது இப்போது ஆங்கிலம். இப்போது யாரும் சோப்பைக் கையில் எடுப்பதில்லை. நவஹோ நிலத்தில் உள்ள சில பள்ளிகளில், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஷுஷ், மோஸி, திபே என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே அவை கரடி, பூனை, செம்மறியாடு.